மடக்குக் கத்தி: விரல் போதுமா, ஸ்பிரிங் வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பாக்கெட் கத்திக்கு வீட்டிலேயே சாணை பிடிப்பது எப்படி என்று எழுதியிருந்தோம். வந்து குவிந்த கடிதங்களில் சாணையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இதே சந்தேகமாக இருப்பதால், இந்த இதழ் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஆன்லைனில் மேனுவல், அசிஸ்டட், ஆட்டோ என்று மூன்று வகை போட்டிருக்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி ‘டக்’கென்றுதான் திறக்கின்றன. என்ன வித்தியாசம்? முதல் கத்தி வாங்கப் போகிறேன். எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

திறந்த பிறகு மூன்றும் ஒன்றுதான். மூடியிருக்கும்போதுதான் வித்தியாசம்.

ஆட்டோவில், பிளேடை வெளியே தள்ளத் தயாராக ஒரு ஸ்பிரிங் எப்போதும் இறுகிக் காத்திருக்கும். ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கினால் கொக்கி விலகும், பிளேடு பாயும். பிளேடை விரலால் தொடவே வேண்டாம். நம் ஊரில் பட்டன் கத்தி என்பது இதைத்தான்.

அசிஸ்டட் கத்தியில் பட்டன் இல்லை. பிளேடில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலாலோ, முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஃபிளிப்பரை ஆள்காட்டி விரலாலோ நீங்கள் தள்ளித் தொடங்கி வைக்க வேண்டும். சுமார் 30 டிகிரி வரை ஸ்பிரிங் உங்களுக்கு எதிராக, மூடும் பக்கமே இழுக்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் கட்சி மாறிவிடும். மிச்ச தூரத்தை அதுவே தள்ளி முடித்துவிடும். 1990களின் நடுவில் பிளாக்கி காலின்ஸ் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஹவாயைச் சேர்ந்த கென் ஆனியன் வடிவமைத்த ஸ்பீட்சேஃப் முறையை கெர்ஷா நிறுவனம் 1998இல் விற்பனைக்கு விட்ட பிறகுதான் இது பரவியது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பட்டன் கத்தி வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியது. மூடும் பக்கம் இழுப்பு இருந்து, அதைக் கையால் மீறித் திறக்க வேண்டிய கத்திகள் அந்தச் சட்டத்தில் அடங்காது என்று 2009இல் திருத்தம் வந்தது. அந்த முதல் 30 டிகிரி எதிர்ப்புக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

மேனுவலில் திறக்கும் வேலை முழுக்க உங்கள் விரலுடையது. திறந்த பிளேடு மடங்காமல் தாங்கக் கைப்பிடியில் லாக் தகடு உள்ள லைனர் லாக், ஃபிரேம் லாக் வகைகளில், அந்தத் தகட்டில் கடுகளவு குண்டு ஒன்று பதித்திருப்பார்கள். கத்தி மூடியதும் அது பிளேடில் உள்ள குழியில் போய் உட்காரும். பாக்கெட்டுக்குள் பிளேடு திறந்துகொள்ளாமல் காப்பது அந்தக் குண்டுதான். நல்ல குண்டும், சரியாக இறுக்கிய பிவட்டும் (பிளேடு சுழலும் அச்சு) இருந்தால் மேனுவல் கத்தியும் ஒரே தட்டில் திறக்கும். வீடியோவில் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

முதல் கத்தி என்றால் மேனுவல் வாங்குங்கள். பிளேடு 7 முதல் 8 செ.மீ. போதும். வேகத்துக்கும் ‘டக்’ சத்தத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். கடையில் பார்க்க வேண்டியவை வேறு. மூடிய கத்தியை, பிளேடு வெளிவரும் பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து இரண்டு மூன்று முறை வெடுக்கென்று உதறுங்கள். பிளேடு துளியும் வெளியே வரக் கூடாது. திறந்து, பிளேடைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. கைப்பிடியின் வாய் வழியாக உள்ளே பார்த்தால், பிளேடின் அடிப்பாகத்தை லாக் தகடு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று தெரியும். புதுக் கத்தியில் அடிப்பாகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தாங்கினால் சரி. விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அழுத்தம் விழும்போது நழுவும். எதிர்ச் சுவரில் போய் இடித்துக்கொண்டிருந்தால் இனித் தேய இடமில்லை. கடைக்காரர் உதறிப் பார்க்க விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால், பார்சல் பிரித்ததும் இந்தச் சோதனைதான் முதல் வேலை. திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் செய்து பயனில்லை.

கேள்வி: அசிஸ்டட் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் தொட்டால் திறக்கும். இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?
– குடியாத்தம்

பெரும்பாலும் போயிருக்காது. திருகைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. கத்தியை மூடி வைத்து, குமிழைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் எதிர்ப்பு தெரிகிறதா? கையை எடுத்தால் பிளேடு தானே மூடிக்கொள்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. பிவட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, அல்லது திருகு அதிகம் இறுகியிருக்கிறது. ஆரம்ப எதிர்ப்பும் இல்லை, பின்னால் தள்ளலும் இல்லை, பிளேடு தொளதொளவென்று ஆடுகிறது என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது இடத்தை விட்டு நழுவியிருக்கிறது. இரண்டு வேலையையும் செய்வது அந்த ஒரே கம்பிதான் என்பதால் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அழுக்கு என்றால் கழற்றத் தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலு சொட்டு விட்டு, கத்தியை முக்கி, தண்ணீருக்குள்ளேயே இருபது முறை திறந்து மூடுங்கள். பிளேடு எந்தப் பக்கம் வரும் என்பதைப் பார்த்துப் பிடியுங்கள், சோப்பு வழுக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் கைப்பிடிக்கு உட்புறம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உதறி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிவட்டில் விடுங்கள். மிச்ச ஈரத்தை அது கூட்டிக்கொண்டு போய்விடும். ஃபேன் காற்றில் அரை மணி நேரம் காய்ந்ததும், தையல் மெஷின் எண்ணெய் பிவட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. திறந்து மூடிவிட்டு, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். பிளேடும் லாக் தகடும் முட்டும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. அங்கே பட்டால் லாக் நழுவும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் சிக்கு வாடை வரும். கடலை எண்ணெய் அதை விட மோசம், பிசினாகி ஒட்டும். பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் விடலாம், வாயில் பட்டாலும் தொந்தரவு இல்லை.

கழுவியும் சரியாகவில்லை என்றால் பிவட் திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். நட்சத்திர வடிவத் தலை இருக்கும். பிவட்டுக்குப் பெரும்பாலும் டி8, கைப்பிடித் திருகுகளுக்கு டி6 பிட் வேண்டும். சாதாரண மைனஸ் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துத் திருகினால் தலை மழுங்கும். அப்புறம் அந்தத் திருகு யாருக்கும் அசையாது. தளர்த்திய பிறகு தானாகக் கழன்று வந்தால், திருகின் மரையில் நீல நிற திரெட் லாக்கர் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு போதும். சிவப்பு நிறத்தது வாங்காதீர்கள். சூடு காட்டாமல் அது விடாது.

ஸ்பிரிங்கே உடைந்திருந்தால் அந்தக் கம்பி மாடலுக்கு மாடல் வளைவு மாறும். சைக்கிள் கடைக் கம்பியை வளைத்துப் போடும் வேலை வேண்டாம். கம்பெனி உதிரிதான் பொருந்தும். மாற்றும்போது பிளேடைத் திறந்த நிலையில் வைத்து, துணியில் சுற்றிக்கொண்டு கழற்றுங்கள். மூடிய நிலையில் ஸ்பிரிங் அதிகம் இறுகியிருக்கும், தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய கம்பி எந்தப் பக்கம் வளைந்து உட்கார்ந்திருந்தது என்று எடுப்பதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

கேள்வி: பச்சைத் தோல் மண்டியில் வேலை. கட்டுக் கயிறு அறுக்க, தோல் ஓரம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். எப்போதும் ஒரு கையில் தோல் இருக்கும். அசிஸ்டட் சரி வருமா?
– வாணியம்பாடி

ஒரு கை வேலையில் மாட்டியிருக்கிறது என்பது அசிஸ்டட் வாங்க நல்ல காரணம்தான். ஆனால் உங்கள் இடத்துக்கு அது ஆகாது, பாய். காரணம் உப்பு.

பச்சைத் தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு உங்கள் கையிலும் லுங்கியிலும் பாக்கெட்டிலும் இருக்கும். பிளேடு துருப்பிடிக்காத எஃகாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் திருகுகளும் அதே எஃகு என்று நினைத்துவிடாதீர்கள். பிளேடில் துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பீர்கள். கைப்பிடிக்குள் கம்பியில் உப்பு தின்ற புள்ளி யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ளியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஒரு நாள் திறக்கும்போது ஒடியும். ஒடிந்ததோடு, பாக்கெட்டுக்குள் பிளேடை மூடி வைத்திருந்த பிடியும் போய்விடும்.

உங்களுக்குப் பிளேடில் வட்ட ஓட்டை உள்ள மேனுவல் கத்தி பொருந்தும். ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981இல் கொண்டுவந்த வடிவம் அது. ரப்பர் கையுறை போட்டிருந்தாலும் கட்டைவிரல் ஓட்டையில் பிடிக்கும். குமிழ் வழுக்கும் இடத்தில் ஓட்டை வழுக்காது. பிளேடு எஃகு 14சி28என் அல்லது 440சி பார்த்து வாங்குங்கள். டி2 நீண்ட நாள் கூர் நிற்கும் என்று விற்பார்கள். உண்மைதான், ஆனால் அது முழுத் துருப்பிடிக்காத எஃகு அல்ல, உப்பில் புள்ளி விழும். வேலை முடிந்து கை கழுவும்போது கத்தியையும் குழாயடியில் திறந்து பிடித்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஷூ கம்பெனி பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டி, டேப், பிளாஸ்டிக் பட்டை அறுக்க வேண்டும். அசிஸ்டட் இருந்தால் வேகமாக இருக்கும் அல்லவா?
– ஆம்பூர்

திறப்பதில் வேகம் கூடும். மூடுவதில் அதே அளவு குறையும். அசிஸ்டட் கத்தியை மூடும்போது லாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கையும் எதிர்த்து மடக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி திறந்து மூடுகிற வேலையில் விரல் சோர்ந்து, சாயங்கால ஷிப்டில் பிளேடு மடங்கும் பாதையிலேயே விரலை விட்டு மூடுகிறவர்கள் உண்டு. வெட்டுக் காயம் திறக்கும்போது வருவதை விட மூடும்போது வருவதே அதிகம்.

அட்டை மணல் தாள் போல எஃகைத் தின்னும். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்லைடு கட்டரில் பிளேடை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டே போவதுதான் உங்கள் வேலைக்குச் சரி. மடக்குக் கத்தி வீட்டுக்கு இருக்கட்டும். ரப்பர் சொல்யூஷன் பிரிவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிவட்டில் சொல்யூஷன் போனால் தின்னர் ஊற்றாதீர்கள். கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் வெளுத்து இளகிவிடும். காயவிட்டு, ஒரு மரக் குச்சியால் சுரண்டினால் சுருளாக வந்துவிடும்.

கேள்வி: பட்டு நெசவுக்கு நூல் நறுக்க எது நல்லது?
– ஆரணி

கத்தரிக்கோல்.

கேள்வி: மாந்தோப்பு வைத்திருக்கிறோம். அறுவடை, கவாத்து, ஒட்டுக் கட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி போதுமா? மகன் அசிஸ்டட்தான் வேண்டும் என்கிறான்.
– அணைக்கட்டு ஒன்றியம்

போதாது. மகன் ஆசைப்பட்டது அறுவடைக்கு ஆகலாம், மற்ற இரண்டுக்கும் ஆகாது.

ஒட்டுக் கட்டும் கத்தி தனி ஜாதி. அதன் பிளேடு ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருக்கும், மறுபக்கம் சமதட்டை. இரண்டு பக்கமும் தீட்டிய கத்தியால் ஒட்டுக் குச்சியைச் சீவினால் வெட்டு நடுவில் குழிந்து போகும். வேர்ச்செடியின் பிளவில் வைத்தால் இரண்டு தோலும் சேராமல் இடைவெளி விழும், ஒட்டு பிடிக்காது. நான்கு செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் ஆப்பு வடிவம் சீவ வேண்டும். அறுப்பது போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. செடிக்குச் செடி ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இதில் வேகமாகத் திறக்கும் கத்திக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு முறை திறந்தால் மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். லாக் இல்லாத, முதுகு ஸ்பிரிங் மட்டும் உள்ள, நகத்தால் திறக்கும் பழைய மாதிரிதான் இதற்கு வழக்கம். கார்பன் எஃகாக இருந்தால் கூர் நன்றாக ஏறும்.

அறுவடைக்கு வருவோம். பெங்களூராவோ வேறெதுவோ, காம்பை ஒட்ட நறுக்கினால் பால் பீறிட்டுத் தோலில் வழிந்து கருகும். காம்பில் ஒரு விரற்கடையாவது விட்டு நறுக்குங்கள். அந்தப் பால்தான் கத்திக்கும் எமன். காய்ந்தால் கறுப்பு வார்னிஷ் போலாகிப் பிவட்டைக் கவ்விக்கொள்ளும். மேனுவல் கத்தி அப்போது இறுகும், உடனே தெரியும். அசிஸ்டட் கத்தி அப்போதும் ஸ்பிரிங் தயவில் ஓரளவு திறந்துகொண்டே இருக்கும். ஆனால் பிளேடு கடைசி வரை போகாமல், லாக் முழுதாக விழாமல் நிற்கும். பார்ப்பதற்குத் திறந்த கத்தி. அழுத்தினால் விரல் மேல் மடங்கும். ஆகவே பால் படும் வேலையில் திறந்ததும் லாக் விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மாம்பால் தண்ணீருக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெயையும் போக்கிவிடுங்கள். மேலே வேண்டாம் என்ற எண்ணெய் இங்கே கரைக்க மட்டும் உதவுகிறது.

மரக் கைப்பிடியுள்ள ஒப்பினெல் வாங்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எட்டாம் நம்பர், 8.5 செ.மீ. பிளேடு, கழுத்தில் சுழலும் வளைய லாக். எளிமையான, அருமையான கத்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதிப் பிளேடு வெளியே வராமல் மக்கர் பண்ணும். இடுக்கியால் இழுக்காதீர்கள், கைப்பிடியின் அடியைக் கட்டையில் தட்டினால் பிளேடின் முதுகு வெளியே எட்டிப் பார்க்கும். காய்ந்த பிறகு உள் சுவரில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் ஊட்டிக் காயவைத்தால் அடுத்த மழைக்குத் தொந்தரவு குறையும்.

கவாத்துக்குக் கவாத்துக் கத்தரி. மடக்குக் கத்தியால் கிளையை நெம்பினால் பிவட் கோணிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. விரல் மூட்டு வலி. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க மடக்குக் கத்தி விரும்புகிறார். ஸ்பிரிங் உதவியோடு திறப்பது அவருக்கு எளிது என்று நினைக்கிறேன்.
– ராணிப்பேட்டை

இது எல்லாருக்கும் தோன்றுவதுதான். மூன்று இடத்தில் இடிக்கும். தொடக்கத் தள்ளலுக்கு, ஸ்பிரிங் எதிர்ப்பையும் சேர்த்து, விரலில் பலம் வேண்டும். பிளேடு பாய்ந்து நிற்கும்போது கைப்பிடி ஒரு குலுக்குக் குலுக்கும். பிடி தளர்ந்த கையிலிருந்து கத்தி நழுவலாம். மூடும்போது லாக் தகட்டைத் தள்ளிக்கொண்டே ஸ்பிரிங்கையும் மடக்க வேண்டும். வலிக்கிற கட்டைவிரலுக்கு இதுதான் பெரிய தண்டனை.

கிராஸ்பார் லாக் உள்ள மேனுவல் கத்தி பாருங்கள். கைப்பிடியின் குறுக்கே ஒரு சிறு தண்டு போகும், இரண்டு பக்கமும் அதன் தலை தெரியும். பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. இப்போது விலை குறைந்த பிராண்டுகளிலும் வருகிறது. தண்டை இரு விரலால் பின்னுக்கு இழுத்தால் பிளேடு தானாக மடங்கும். பிளேடின் கூர்வாய் போகும் வழியில் விரல் வராது. பிவட்டைச் சற்றுத் தளர்வாக வைத்துக் கொடுத்தால் திறக்கவும் பலம் வேண்டாம். விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. கத்தி எல்லாருக்கும் பிடித்ததுதான். ஆனால் நகத்தைப் பள்ளத்தில் விட்டு இழுக்க வேண்டும், மூட்டு வலிக்காரர் நகம் ஒடித்துக்கொள்வார்.

உண்மையைச் சொன்னால், வீட்டோடு இருக்கும் பெரியவருக்கு உறை போட்ட சிறிய பழக் கத்தியே போதும். மடக்கவே வேண்டாம். அப்பா ஒத்துக்கொள்வாரா என்பது உங்கள் பாடு.

கேள்வி: இடது கைக்காரன். லைனர் லாக் எனக்கு எப்போதும் தகராறு.
– வாலாஜாப்பேட்டை

தகராறு கத்தியுடையது. லைனர் லாக் தகட்டை வலது கைக் கட்டைவிரல் தள்ளுமாறுதான் வெட்டியிருப்பார்கள். நீங்கள் ஆள்காட்டி விரலை வளைத்துத் தள்ளுகிறீர்கள். அந்த விரல் பிளேடு வரும் பாதையில் நிற்கிறது. அசிஸ்டட் வாங்கினால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதே விரலால் இன்னும் பலமாக அமுக்க வேண்டிவரும். முதுகு லாக் (கைப்பிடியின் முதுகில் அமுக்கி விடுவிப்பது), கிராஸ்பார் லாக் இரண்டும் இரு கைக்கும் பொது. பாக்கெட் கிளிப்பை மறுபக்கம் மாற்றத் திருகு ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இதை வைத்துக்கொண்டு வெளியே போனால் போலீஸ் பிடிக்குமா? எத்தனை அங்குலம் வரை அனுமதி?
– வேலூர் நேதாஜி மார்க்கெட் வியாபாரி

ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவை அதில் சேரா. ஆனால் அங்குலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். டெல்லியில் பட்டன் கத்திகளுக்குத் தனி அறிவிப்பு இருக்கிறது, அங்கே 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே வழக்கு வரும். மாநிலம் தாண்டிச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நடைமுறை வேறு. அமெரிக்கச் சட்டத்தின் அந்த 30 டிகிரி நுணுக்கம் சத்துவாச்சாரி செக்போஸ்ட்டில் செல்லாது. ‘டக்’கென்று பாய்ந்து திறக்கும் எதுவும் பார்க்கிறவருக்குப் பட்டன் கத்திதான். நகத்தால் திறக்கும் கத்தியைப் பழக் கடையில் எடுத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அசிஸ்டட் கத்தியைத் திறந்தால் நாலு பேர் தள்ளி நிற்பார்கள். கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பொதுக்கூட்டம் போகும்போது எந்தக் கத்தியும் வேண்டாம். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள், எங்களுக்கு எழுதாதீர்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில், உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.

கேள்வி: சோளிங்கர் மலைக்குப் போகும்போது தேங்காய், எலுமிச்சை நறுக்க எடுத்துப் போகலாமா?
– அரக்கோணம்

எலுமிச்சைக்குச் சின்ன மேனுவல் கத்தி. தேங்காயை அதற்கென்று உள்ள கல்லில் உடையுங்கள். பிளேடு முனையைக் கண்ணில் விட்டு நெம்பினால் முனை ஒடியும். எலுமிச்சை நறுக்கியதும் துடைக்காமல் மடக்கினால், கார்பன் எஃகு மலை இறங்குவதற்குள் கறுத்துவிடும்.

கேள்வி: சாணை பற்றி ஒரே ஒரு கேள்வி. 20 டிகிரி என்று எழுதினீர்கள். அந்தக் கோணத்தைக் கையால் எப்படிக் கண்டுபிடிப்பது? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?
– போளூர்

அளவுகோல் போதும். வாயிலிருந்து முதுகு வரை பிளேடின் அகலத்தை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி வரும். அகலம் 22 மி.மீ. என்றால் உயரம் சுமார் ஏழரை மி.மீ. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகை அதன் மேல் வைத்துப் பார்த்துக் கைக்குப் பழக்குங்கள். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலு இழுப்பு இழுத்தால், மை எங்கே போயிருக்கிறது என்பதே கோணத்தைச் சொல்லிவிடும். மை வாயோரம் மட்டும் போனால் அதிகம் தூக்குகிறீர்கள். மேலே மட்டும் போனால் தாழ்த்திப் பிடிக்கிறீர்கள்.

1000 நம்பர் கல்லுக்குப் பிறகு தோலில் தீட்டலாம். நம் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஷூ மேல்தோலுக்கான குரோம் தோல் மெத்தென்று அமுங்கி வாயை உருட்டிவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட, விறைப்பான தோலைப் பலகையில் ஒட்டி, பச்சை நிற பாலிஷ் கட்டியைத் தேய்த்து, முதுகு முன்னே போகுமாறு பின்னோக்கி இழுங்கள். வாயை முன்னே விட்டால் தோல்தான் அறுபடும்.

சாணைக்காரரிடம் அருவாமனை, கொடுவாள் கொடுங்கள். மெல்லிய பிளேடு அந்தச் சக்கரத்தில் நொடியில் சூடேறும். ஓரம் நீலம் பூத்தால் 300 டிகிரி சென்டிகிரேடு தாண்டியது என்று பொருள். அந்த இடத்தில் எஃகின் இறுக்கம் போய்விட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கேள்வி: அசிஸ்டட் கத்தி எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு மேனுவலாகப் பயன்படுத்தலாமா?
– ஆற்காடு

சில மாடல்களில் முடியும், பலவற்றில் கூடாது. மூடி வைக்கும் வேலையையும் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்வதால், தயாரிப்பாளர் அந்தக் கடுகளவு குண்டை வைக்காமலே விட்டிருப்பார், அல்லது பேருக்கு வைத்திருப்பார். கழற்றிய பின், முதல் பதிலில் சொன்ன உதறல் சோதனையைச் செய்யுங்கள். பிளேடு சிறிது வெளியே வந்தாலும் அந்தக் கத்தி பாக்கெட்டுக்கு லாயக்கில்லை. நடக்கும்போது முனை எட்டிப் பார்க்கும், சாவி எடுக்கக் கை விடுவீர்கள். கெர்ஷா லீக் போன்ற மாடல்களில் முனையைப் பூட்டி வைக்க ஒரு சின்னத் தள்ளுதாழ் இருக்கிறது. அது இருந்தால் ஒவ்வொரு முறையும் போட மறக்காதவர்களுக்கு ஓரளவு பரவாயில்லை.

பிவட்டை இறுக்கிப் பிளேடை நிறுத்திவிடலாம் என்று பலர் செய்கிறார்கள். அப்படி இறுக்கினால் திறக்க இரண்டு கை வேண்டும், வாஷரும் சீக்கிரம் தேயும். அந்தக் கத்தியை ஸ்பிரிங்கோடு பிடித்தவருக்குக் கொடுத்துவிட்டு, குண்டு உள்ள மேனுவல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பியையும் திருகுகளையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, கத்தியோடு சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகப் போனால் இரண்டுக்கும் பயனில்லை.